வித்தைக்காரனை விடுங்கள், போலீஸ்காரரைப் பாருங்கள்

நீங்கள் கேட்டது இது: "2006இல் வந்த 'தி இல்யூஷனிஸ்ட்' படத்தை நேற்றுதான் பார்த்தேன். வியன்னா, மேடை மந்திரவாதி, பழைய காதல், ஒரு கொலை, எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் படபடவென்று காட்டி முடித்துவிட்டார்கள். வித்தைகள் எப்படி நடந்தன என்று சொல்லவே இல்லை. ஏமாந்த மாதிரி இருக்கிறது. இதை எப்படி ரசிப்பது? அம்மாவுக்கும் போட்டுக் காட்டலாமா?"

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்கிறேன். நம் மொரீஷியஸில் பாதிப் படங்களைப் பிரெஞ்சுக் குரலில்தான் பார்க்கிறோம். பிரெஞ்சில் இந்தப் படத்தின் பெயர் 'லில்யூசியோனிஸ்த்'. 2010இல் அதே பெயரில் ஒரு கார்ட்டூன் படமும் வந்தது. அதில் ஒரு வயதான வித்தைக்காரர், கூடவே ஒரு முரட்டு முயல். என் தங்கை மகன் அதைப் பார்த்துவிட்டு வந்து, "மாமா, நீங்க சொன்ன படத்துல கொலையே இல்லையே, முயல்தான் எல்லாரையும் கடிக்குது" என்றான். நீங்கள் வியன்னா என்கிறீர்கள், கொலை என்கிறீர்கள். சரி, படம் அதுதான்.

இனி வருவதில் முடிவு உட்பட எல்லாவற்றையும் உடைக்கப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஏமாந்ததற்குக் காரணம், ஐசன்ஹைம் என்ற அந்த வித்தைக்காரனையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். எல்லாரும் முதல் தடவை அப்படித்தான் பார்ப்போம். எட்வர்ட் நார்ட்டன் அந்தத் தாடியோடும் கண்ணோடும் மேடையில் நின்றால் வேறு எங்கே பார்ப்பது? ஆனால் இந்தக் கதை அவனுடையது இல்லை. ஊல் என்ற போலீஸ் அதிகாரியினுடையது. பால் ஜியாமாட்டி நடித்திருக்கிறாரே, அவர். படம் தொடங்கும்போதே மேடையேறி ஐசன்ஹைமைக் கைது செய்கிறார். அப்புறம் பட்டத்து இளவரசன் லியோபோல்டிடம் போய் அந்த வித்தைக்காரனின் பால்ய கதையைச் சொல்கிறார். தச்சன் மகன், பெரிய வீட்டுப் பெண் சோஃபி, மரத்தடியில் சந்தித்த ஒரு நாடோடி வித்தைக்காரன், அந்த ஆள் மறைந்தபோது மரமும் சேர்ந்து மறைந்ததாக ஊரார் பேசிக்கொண்டது. இதெல்லாம் யார் சொல்லி நமக்குத் தெரியும்? ஊல் சொல்லித்தான். அவர் விசாரித்தது, கேள்விப்பட்டது, கொஞ்சம் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்துக்கு வாருங்கள். தெருவில் இடித்துக்கொண்டு போன ஒரு தாடிக்காரன், ஐசன்ஹைம் சோஃபிக்குச் செய்து கொடுத்த மரப் பதக்கத்தைத் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊலுக்கு உறைக்கிறது. ஒரு சிறுவன் ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுக்கிறான். ஆரஞ்சு மர வித்தையின் வரைபடம்! அவர் வெகுநாளாகக் கேட்டு ஏங்கியது. ரயில் நிலையத்துக்கு ஓடுகிறார், ரயில் போய்விடுகிறது. அங்கே நின்றபடி ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கிறார். இளவரசன் கொன்றுவிட்டதாக நம்பப்பட்ட சோஃபி சாகவில்லை, மயங்கியதுபோல் நடித்தாள், இன்னார் வேஷம் போட்டான், இன்ன இடத்தில் இன்னது வைக்கப்பட்டது என்று. அந்தப் படபடப்பான காட்சிகள் ஊலின் தலைக்குள் ஓடுபவை. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று அவர் ஊகிக்கிறார். 'இப்படித்தான் நடந்தது' என்று நமக்கு யாரும் சத்தியம் செய்து தரவில்லை. இயக்குநர் நீல் பர்கர் வித்தைகளின் ரகசியத்தைச் சொல்லாமல் விட்டார் என்கிறீர்கள். ஊலுக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்?

அப்புறம் ஊல் சிரிக்கிறார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். வேலை போகும் நிலை, ஏமாற்றப்பட்டிருக்கிறார், அவர் கண்ணெதிரே ஓர் இளவரசன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்திருக்கிறான். இத்தனைக்கும் பிறகு அந்த மனிதர் நல்ல வித்தையைப் பார்த்துவிட்ட ரசிகனாகச் சிரிக்கிறார்.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்த விஷயமும் இருக்கிறது. முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். பாடம் எடுபடாத மத்தியானங்களில் காசு மறைக்கும் வித்தை காட்டித்தான் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தேன். நம் பத்து ரூபாய்க் காசுக்கு ஏழு மூலை இருப்பது மத்திய வங்கி எனக்கென்றே செய்த உபகாரம். கட்டைவிரல் அடிச்சதைக்கும் எதிர்ப்பக்கச் சதைக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தினால் மூலைகள் பிடித்துக்கொள்ளும். விரல் ஐந்தையும் விரித்துக் காட்டலாம், காசு விழாது. கஷ்டம் கையில் இல்லை, கண்ணில்தான். காசு வலது கையில் இருக்கும்போது நான் என் இடது கையையே பார்க்க வேண்டும், அதில் காசு இருப்பதாக நானே நம்ப வேண்டும். நான் நம்பினால் முதல் வரிசைப் பையன் நம்புவான். ஒரே ஒரு பெண் மட்டும், எட்டு வயது இருக்கும், என் இடது கையைப் பார்க்கவே மாட்டாள். என் முகத்தைப் பார்ப்பாள். அவளை ஒரு நாளும் ஏமாற்ற முடியவில்லை. ஆனாலும் தினமும், "சார், இன்னொரு வாட்டி" என்று கேட்பவளும் அவள்தான். ஊலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண் நினைவு வருவாள்.

நார்ட்டன் கையில் பந்தை மறைப்பதையெல்லாம் அவரே பழகிச் செய்தார் என்பார்கள். பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. படத்துக்கு வித்தை ஆலோசகராக இருந்தவர் ரிக்கி ஜே. சீட்டுக்கட்டில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 2018இல் காலமானார்.

இனி அந்த ஆரஞ்சு மரம். இது படத்துக்காகக் கற்பனை செய்தது இல்லை. பிரான்ஸில் ரொபேர் ஊதேன் என்ற கடிகாரக்காரர் இருந்தார். 1805இல் பிறந்தவர். 1845இல் பாரிஸில் பாலே ரொயாலில் சொந்தமாக ஒரு சிறிய அரங்கம் திறந்தார். பார்வையாளர் ஒருவரின் கைக்குட்டையை வாங்கி மறைய வைப்பார். மேடையில் ஒரு குட்டி மரம் இருக்கும். அது பூக்கும், காய்க்கும். பழத்தைப் பறித்துச் சபைக்குப் பங்கிடுவார், நிஜமான பழம், தின்னலாம். மிஞ்சிய ஒரு பழம் தானாகப் பிளக்கும். உள்ளிருந்து இரண்டு பட்டாம்பூச்சிகள் அந்தக் கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே எழும்பும். மரத்தின் கிளைகளெல்லாம் உள்ளே குழாய். பட்டுப் பூக்கள் அதற்குள் இருந்து தள்ளப்பட்டு வெளியே வரும். பழங்கள் முன்கூட்டியே முள்ளில் குத்தி இலைகளுக்குப் பின்னால் ஒளிக்கப்பட்டிருக்கும். கடிகாரக்காரர் மூளை அப்படி. படத்தில் வரும் மரம் இதைவிடப் பல மடங்கு தாராளமாக வளர்கிறது. அதற்குக் கணினி உதவி உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அது ஒரு சின்ன வருத்தம். கொஞ்சம் கரகரவென்று இயந்திரச் சத்தம் கேட்டிருந்தால் இன்னும் நம்பியிருப்பேன்.

நமக்கு இந்த வித்தை புதுசா என்ன? மாங்கொட்டையை மண்ணில் புதைத்து, துணி மூடி, மகுடியோ உடுக்கையோ வாசித்து, திறந்தால் முளை, மறுபடி மூடித் திறந்தால் கன்று, இன்னொரு தடவை மூடித் திறந்தால் காயோடு ஒரு கிளை. செப்படி வித்தைக்காரர்கள் ஊர் ஊராகக் காட்டியதுதான். என் பாட்டி சின்ன வயதில் தன் தாத்தா சொல்லக் கேட்டதாகச் சொல்வாள். அவர் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர், கரும்புத் தோட்டத்துக்கு. ஊரில் பார்த்ததில் அவர் மறக்காமல் கொண்டுவந்தது இரண்டு: ஒன்று கோயில் தேர், இன்னொன்று அந்த மாமரம். இதில் ரகசியம், தயாராக வெட்டி ஈரத்துணியில் சுற்றி மடித்து வைத்த கிளைகள். மாங்காய் கிடைக்கும் காலத்தில்தான் வித்தைக்காரர் இதைக் காட்டுவார். யாராவது அதைக் கவனித்திருந்தால் விஷயம் முடிந்தது. ஐரோப்பாக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் மரம் வளர்த்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ரொபேர் ஊதேனுக்கு நூறு வருடம் முன்பே லண்டன் சந்தைகளில் ஐசக் ஃபாக்ஸ் என்பவர் ஆப்பிள் மரம் வளர்த்திருக்கிறார். ஆனால் 1810களில் தென்னிந்தியாவிலிருந்து போய் லண்டனைக் கலக்கிய ஒரு வித்தைக்காரர் இருந்தார். அவர் பெயரை விளம்பரங்களில் ராமோ சாமி என்று போட்டார்கள். நம் ராமசாமிதான், வேறு யார்? கத்தியை விழுங்குவார், பித்தளைப் பந்துகளை வீசிப் பிடிப்பார். 1850இல் அங்கேயே இறந்தார். ஐசன்ஹைம் கிழக்கு நாடுகளில் சுற்றிவிட்டு வந்தவன் என்று படம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை ராமசாமிகள் இருக்கிறார்கள் என்று ஊலுக்கும் தெரியாது, பர்கருக்கும் தெரியாது.

அடுத்து அந்த வாள் காட்சி. என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் அதுதான். அரண்மனையில் இளவரசன் முன்னால் ஐசன்ஹைம் ஒரு வாளை முனையில் நிறுத்தி வைக்கிறான். வந்தவர்களை எடுத்துப் பார்க்கச் சொல்கிறான். யாராலும் முடியவில்லை. இளவரசனே எழுந்து வருகிறான். கொஞ்ச நேரம் திணறவிட்டு, அப்புறம்தான் வாள் அசைகிறது. அதாவது வித்தைக்காரன் மனம் வைத்தால்தான் இளவரசன் கைக்கு வாள் வரும். அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் அது புரிகிறது, இளவரசனுக்கும்தான். இதற்கும் மூலம் ரொபேர் ஊதேன்தான், ஆனால் தலைகீழாக. 1856இல் பிரெஞ்சு அரசாங்கம் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கிருந்த சமயப் பெரியவர்களுக்கு அற்புத சக்தி இருப்பதாக மக்கள் நம்பினார்கள். பிரெஞ்சுக்காரனிடம் அதைவிடப் பெரிய சக்தி இருக்கிறது என்று காட்டத்தான் இந்தப் பயணம். ஒரு சிறு பெட்டியை மேடையில் வைத்து, பலசாலி ஒருவரைத் தூக்கச் சொன்னார். பெட்டியின் அடியில் இரும்பு, மேடைக்குக் கீழே மின்காந்தம். தூக்க முடியவில்லை. போதாக்குறைக்குக் கைப்பிடியில் மின் அதிர்ச்சி வேறு. அங்கே ஆட்சியாளன் வித்தையை வைத்து மக்களை மிரட்டினான். படத்தில் தச்சன் மகன் அதே வித்தையால் ஆட்சியாளனைச் சிறுமைப்படுத்துகிறான். முதலில் பிரெஞ்சுக்காரன், அப்புறம் ஆங்கிலேயன் என்று இரண்டு கொடிகளையும் பார்த்த தீவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சியில் கூடுதலாக ஒரு சுவை உண்டு.

ஆவிகளை வரவழைக்கும் காட்சிகள் உங்களுக்கு இழுவையாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகப் பிடிபட வேண்டிய இடம். இங்கே யாருக்காவது காய்ச்சல் ஒரு வாரம் நின்றால், பக்கத்து வீட்டம்மா குரலைத் தாழ்த்தி, 'லொங்கானிஸ்தைப் பார்த்தீங்களா?' என்பார். லொங்கானிஸ்த் என்றால் மந்திரவாதி. வித்தைக்காரன் வேறு, மந்திரவாதி வேறு. வித்தைக்காரன் 'நான் ஏமாற்றப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு ஏமாற்றுவான். லொங்கானிஸ்த் அதைச் சொல்ல மாட்டான். ஐசன்ஹைம் வேண்டுமென்றே முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நழுவுகிறான். மேடையில் வெறும் நாற்காலி, ஒரு வார்த்தை இல்லை, செத்தவர்கள் வந்து நிற்கிறார்கள். ஊர் திரண்டுவிடுகிறது. போலீஸ் பிடித்ததும், வெளியே கூடி நிற்கும் கூட்டத்திடம், 'எல்லாம் வெறும் வித்தைதான்' என்று அவனே சொல்கிறான். மக்கள் நம்பவில்லை! உண்மையைச் சொன்ன ஒரே இடத்தில் அவனை நம்ப ஆளில்லை. கண்ணாடித் தகட்டைச் சாய்த்து வைத்து, மறைவில் நிற்கும் ஆளின் மேல் வெளிச்சம் பாய்ச்சி மேடையில் பேய் வரவழைப்பதை 1862இலேயே லண்டனில் பெப்பர் என்பவர் காட்டிவிட்டார். எனவே ஐசன்ஹைம் காலத்துக்கு இது நடக்காத காரியமும் இல்லை. படத்தில் ஆவிகள் சபைக்குள் இறங்கி நடக்கிறதே என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊலிடமும் இல்லை.

சரித்திரம் கொஞ்சம் தெரிந்தால் படம் இன்னும் கனக்கும். லியோபோல்ட் என்று ஒரு பட்டத்து இளவரசன் இருந்ததில்லை. ஆனால் 1889 ஜனவரி 30 அன்று, ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃபின் ஒரே மகன் ருடால்ஃப், மாயர்லிங் என்ற இடத்தில் இருந்த தன் வேட்டை மாளிகையில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்து கிடந்தான். பக்கத்தில் மேரி வெட்செரா என்ற பதினேழு வயதுப் பெண்ணின் சடலம். அரண்மனை அதை மூடி மறைக்கப் பார்த்தது, வதந்திகள் இன்றுவரை ஓயவில்லை. இளவரசன், வேட்டை மாளிகை, செத்த பெண், மறைப்பு. படத்தின் கரு அங்கேதான். படத்தை எடுத்தது வியன்னாவில் இல்லை, செக் நாட்டில். வேட்டை மாளிகையாக வருவது கோனோபிஷ்டே கோட்டை. நிஜத்தில் அது ருடால்ஃபுக்குப் பின்னால் பட்டத்துக்கு வாரிசான ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் வீடு, சுவரெல்லாம் வேட்டையாடிய தலைகள். 1914இல் சரயேவோவில் சுடப்பட்டாரே, அவர்தான். கூடவே இறந்த மனைவியின் பெயர் சோஃபி. இது தற்செயலா என்று தெரியாது, ஆனால் தெரிந்த பிறகு அந்த மாளிகைக் காட்சியைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

படத்துக்கு மூலம் ஸ்டீவன் மில்ஹாசரின் ஒரு சிறுகதை. காதலும் இளவரசனும் படத்துக்காகச் சேர்த்தவை. கதையைப் படித்தவர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. என் குறை வேறு. லியோபோல்ட் கெட்டவன்தான். ஆனால் செய்யாத கொலைக்காக அவன் செத்தான். காதலர்கள் மலையடிவாரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது படம் அதை மறந்துவிடுகிறது. ஜியாமாட்டி மட்டும் மறக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தோன்றும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மஞ்சள், ஓரங்கள் கறுத்து, சில இடங்களில் வட்டமாகச் சுருங்கி மூடும் திரை. லூமியேர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் என்ற வண்ணப் படத் தகடுகளைப் போல வர வேண்டும் என்று முயன்றிருக்கிறார்கள். அந்தத் தகட்டில் நிறம் கொடுத்தது என்ன தெரியுமா? சாயம் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவு. ஒளிப்பதிவாளர் டிக் போப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. அதே வருடம் வந்த இன்னொரு வித்தைக்காரர் படமான 'தி பிரஸ்டீஜ்' படத்துக்கும் அப்படியே. அதில் ரகசியத்தை விளக்கிச் சொல்வார்கள். உங்களுக்கு விளக்கம்தான் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள்.

இனி அம்மா விஷயம். தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் பிரெஞ்சுக் குரலில் வேண்டாம், மூலக் குரலில் எழுத்தோடு போடுங்கள். ஊல் பேசும் தோரணையில்தான் பாதிப் படம் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்து ஓடுவது சிரமமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு புயல் நாள், மூன்றாம் எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள், வெளியே போக முடியாது. ஜன்னலெல்லாம் அடைத்து, கத்தோ பிமான் பொரித்து வைத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்தோம். சோஃபியின் உடலைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அம்மா கத்தோ பிமானைச் சட்னியில் தோய்த்தபடியே, "அழாதேம்மா, இது மாயசீதை" என்றார்.

கம்பனில் வரும் இடம். இந்திரசித்து அனுமன் கண்ணெதிரே சீதையை வெட்டிப் போடுவான். அனுமன் போன்றவனே நம்பிப் புலம்புவான், ராமன் நிலைகுலைந்து போவான். கடைசியில் வீடணன் வண்டாக உருவெடுத்து அசோகவனத்துக்குப் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான்: சீதை உயிரோடுதான் இருக்கிறாள், வெட்டுப்பட்டது மாயை என்று. எங்கள் தமிழ்ப் பள்ளியில் அம்மா கேட்ட கதாகாலட்சேபம் எழுபது வருடம் கழித்து வியன்னாவில் வேலை செய்தது.

"எப்படிம்மா தெரிஞ்சது?" என்று கேட்டேன். "அந்தப் பையன் சின்ன வயசுலயே அவளை மறைய வைக்கறேன்னு சொன்னானே. சொன்னதைச் செய்யறான்" என்றார்.

அப்போதுதான் கரண்ட் போனது. மீதிப் படத்தைப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை என் மனைவி அம்மாவிடம் வந்து வந்து, "நிஜமாவே சாகலையா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை.